வெங்கொ, வ்யேனி, வென்யாமொ: இத்தாலிய வினைகள் அசைக்கு அசை மாறுவது ஏன்?

தாழை:
அனைவருக்கும் வணக்கம். மேற்கத்தியச் செவ்வியல் பாட்டுப் பயிற்சிக்காக ஓராண்டாக இத்தாலிய மொழி படித்து வருகிறேன். அந்தப் பாட்டில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு சுரம் என்பதால், சொல்லை அசையாகப் பிரிக்கத் தவறினால் பாட்டே தடம் புரண்டுவிடுகிறது. சென்ற வாரம் ‘நீ வா’ என்று பொருள்படும் சொல்லை என் குறிப்பேட்டில் ‘வியேனி’ என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடினேன். தாளில் இரண்டே சுரங்கள் இருந்தன. என் வாயிலோ மூன்று அசைகள். ஆசிரியை பியானோவை நிறுத்திவிட்டு, மேசையில் விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

உச்சரிப்பை அன்றே திருத்திக்கொண்டேன். ஆனால் அந்த வினையின் அமைப்புதான் இன்னும் பிடிபடவில்லை. ‘நான் வருகிறேன்’ என்பதற்கு வெங்கொ, ‘நீ வருகிறாய்’ என்பதற்கு வ்யேனி, ‘நாம் வருகிறோம்’ என்பதற்கு வென்யாமொ, ‘அவர்கள் வருகிறார்கள்’ என்பதற்கு வெங்கொனொ. ஓரிடத்தில் எகரம் தனியாக நிற்கிறது, அடுத்த இடத்தில் ‘யே’ ஆகிறது, மறுபடி எகரமாகிறது. பாடநூலில் ‘ஒழுங்கற்ற வினை, மனப்பாடம் செய்க’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஏதேனும் விதி உண்டா?

மெய்ம்மயக்கம்:
உண்டு, தாழை. மனப்பாடம் செய்யச் சொல்லும் பாடநூல்களின் மீது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு. இந்த வினையை அசை பிரித்து எழுதிப் பார்த்தால் ஒழுங்கு தானாகவே கண்ணில் படும்.

முதலில் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ’ குறி இடுகிறேன். உயிர்களுக்கு இடையில் தனியாக வரும் க, த, ப ஆகியவற்றைத் தமிழ் வழக்கப்படி நாம் நெகிழ்த்தி ஒலித்துவிடுவோம். இத்தாலியத்தில் எது வல்லொலி, எது நெகிழ்ந்த ஒலி என்பதைச் சொல்தான் தீர்மானிக்கும். ஆகவே அவற்றை அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று, மெய்யும் யகரமும் சேர்ந்து வரும்போது இடையில் இகரம் நுழையக் கூடாது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பது தமிழுக்கு இயல்பன்று என்பதால் நம் நா தானாகவே ஓர் உயிரை இடையில் போட்டுக்கொள்கிறது. உங்களுக்கு மூன்றாவது அசை வந்த வழி அதுதான்.

இனி வினைக்கு வருவோம்:

’வெங்-கொ, ’வ்யே-னி, ’வ்யே-னெ, வெ-’ன்யா-மொ, வெ-’னீ-தெ, ’வெங்-கொ-னொ.

வேரில் உள்ள எகரத்தை மட்டும் பாருங்கள். ‘வ்யே’ வரும் இரண்டு இடங்களிலும் அந்த அசைக்கு அழுத்தம் இருக்கிறது. அந்த அசை உயிரில் முடிகிறது, அதாவது திறந்த அசை. ‘வெங்’ என்னும் அசைக்கும் அழுத்தம் இருக்கிறது, ஆனால் அது மெய்யில் முடிகிற மூடிய அசை. ‘வெ-’ன்யா-மொ’ என்பதில் வேர் அசை திறந்ததுதான், ஆனால் அழுத்தம் அடுத்த அசைக்குப் போய்விட்டது. ஆக, அழுத்தமும் வேண்டும், திறப்பும் வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில் மட்டுமே லத்தீனின் குறில் எகரம் ‘யே’ என்று விரிந்தது. லத்தீனின் குறில் ஒகரமும் அப்படியே ‘வோ’ என்று விரிந்தது: ’ம்வோ-ரெ (இறக்கிறார்), மொ-’ர்யா-மொ (இறக்கிறோம்), ’மொர்-தொ (இறந்த). ‘யே’, ‘வோ’ போல இரண்டு உயிரொலிகள் ஒரே அசைக்குள் சேர்ந்து நிற்பதுதான் ஈருயிர். அது இப்படி வந்தும் போயும் இருப்பதற்கு இத்தாலிய இலக்கணத்தில் ‘நகரும் ஈருயிர்’ என்று பெயர்.

இதைவிடத் தெளிவான சான்று உட்கார்தல் வினையில் இருக்கிறது. ‘உட்கார்கிறேன்’ என்பதற்கு ’ஸ்யே-தொ என்பது இன்றைய வழக்கு. பழைய எழுத்தில் ’ஸெக்-கொ என்றொரு வடிவமும் உண்டு. அதே வேர், அதே பொருள், அதே அழுத்தம். அசை மூடிக்கொண்டது, ஈருயிர் வரவில்லை.

நெல்லைச்சீமை:
அருமையான விளக்கம். ஆனால் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘அசை’ என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நேரும் நிரையும்தான் நினைவுக்கு வரும். யாப்பில் ‘பல’ என்பது நிரையசை, ஓர் அசைதான். நீங்கள் சொல்லும் கணக்கில் அது இரண்டு. புதிதாகப் படிப்பவர்கள் இங்கே குழம்ப மாட்டார்களா?

மெய்ம்மயக்கம்:
நியாயமான கேள்வி. இந்த இழை முழுவதும் ‘அசை’ என்பதை ஓர் உயிரை நடுவாகக் கொண்ட ஒலித்துண்டு என்ற பொருளில் மட்டுமே எடுத்துக்கொள்வோம். ‘வசித்தல்’ வினையின் தன்மை ஒருமையை ’ஆ-பி-தொ என்று மூன்றாகத்தான் பிரிக்க வேண்டும். பிற்பகுதியைச் சேர்த்து நிரையாக்கிவிடக் கூடாது.

ஆயினும் யாப்பு நமக்கு வேறொரு விதத்தில் துணை நிற்கிறது. ‘பா’ என்ற நெடிலும் ‘பல்’ என்ற ஒற்றடுத்த குறிலும் நேரசையாக ஒரே தட்டில் நிற்பதை நாம் அறிவோம். இத்தாலியத்திலும் அழுத்தம் பெற்ற அசை அவ்வாறே கனத்து நிற்க வேண்டும். திறந்த அசையானால் அதன் உயிர் நீள்கிறது. மூடிய அசையானால் உயிர் குறுகி, மெய் அந்தக் கனத்தைத் தாங்குகிறது. ‘விழுகிறார்’ என்பது ’கா-தெ. ‘விழுந்தார்’ என்பது ’கத்-தெ, இதில் தகரம் நெகிழ்ந்த ஒலியாகவே இரட்டிக்க வேண்டும். ‘குடிக்கிறார்’ ’பே-வெ, ‘குடித்தார்’ ’பெவ்-வெ. காலம் மாறுவதை ஒரு மெய்யின் இரட்டிப்பும் முன் உயிரின் குறுக்கமும் சேர்ந்துதான் காட்டுகின்றன.

விதிவிலக்காகச் சொல்லின் கடைசி அசை மட்டும் அழுத்தம் பெற்றாலும் நீளாது. ’பர்-லொ என்றால் ‘பேசுகிறேன்’. பர்-’லொ என்றால் ‘பேசினார்’. எழுத்தில் இரண்டாவதன் இறுதி உயிர் மேல் ஒரு கோடு இடுவார்கள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் நம்மவர்கள் ‘பர்லோ’ என்று நெடிலாக இழுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது அழுத்தக் குறி, நெடிற்குறி அன்று.

பலெர்மோவாசி:
நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிசிலியின் பலெர்மோ நகரில் பல ஆண்டுகளாக வசிப்பவன். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பிள்ளைகள் இத்தாலியப் பாடசாலைக்குத்தான் போகிறார்கள். மெய்ம்மயக்கம் சொன்ன இரட்டிப்பால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரரிடம் தொலைபேசியில், ‘வேலை முடிந்தால் மாலையில் வருவோம்’ என்று, உறுதி சொல்லாமல், நிபந்தனையோடு சொல்ல நினைத்தேன். அதற்கு உரிய வடிவம் வெர்-’ரெம்-மொ. நான் சொன்னது வெர்-’ரே-மொ. அதன் பொருள் ‘வருவோம்’ என்பது மட்டும்தான். அன்று வேலை முடியவில்லை. அவர் இரவு 8 மணி வரை வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். மறுநாள் நான் போனபோது மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வீடு வேறொருவருக்குக் கொடுபட்டுவிட்டது. அந்த வயதான மனிதரைக் காக்க வைத்தது இன்றும் எனக்கு மனவருத்தம்தான். ஒரு மகரம் குறைந்ததால் வந்தது அது. ‘அமை’யையும் ‘அம்மை’யையும் பிறந்ததிலிருந்து பிரித்துச் சொல்லும் நமக்கு இது கடினமே இல்லை, அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது என்று யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தன்மைப் பன்மையில் எந்த வினையை எடுத்தாலும் இதே வேறுபாடு வரும்: பர்-லெ-’ரே-மொ ‘பேசுவோம்’, பர்-லெ-’ரெம்-மொ ‘பேசக்கூடும்’ என்ற நிபந்தனைப் பொருள்.

இப்போது என் கேள்வி. மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். கொப்பியில் சொற்களைச் சிறு கோடு போட்டுப் பிரித்து எழுத வேண்டும்; வகுப்பில் கைதட்டியும் பிரிப்பார்களாம். ‘அறிவேன்’ என்ற சொல்லை அவள் கொ-னொஸ்-கொ என்று பிரித்தாள். ஆசிரியை கொ-னொ-ஸ்கொ என்று சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். பிள்ளை கைதட்டும்போது ‘னொஸ்’ என்றுதான் சொல்லுகிறாள், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. யார் சொல்வது சரி?

மெய்ம்மயக்கம்:
ஆசிரியை எழுத்துவிதியைச் சொல்கிறார், உங்கள் மகள் செவியால் கேட்டதைச் சொல்கிறாள். இரண்டும் தத்தம் இடத்தில் சரியானவையே.

இத்தாலிய எழுத்துமுறையில், வரியின் ஓரத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால், ஸகரமும் அதைத் தொடரும் மெய்யும் பிரியாமல் அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். ‘ஸ்கொ’, ‘ஸ்த’ என்று சொற்கள் தொடங்க முடியும் என்பதால், நடுவில் வரும்போதும் அவை ஒன்றாகவே நிற்கட்டும் என்பது அந்த விதியின் நியாயம். இரட்டை மெய்யை நடுவில் பிளக்க வேண்டும். தகரத்தோடு ரகரம் சேர்ந்தால் பிளக்கக் கூடாது. ஆகவே ‘காண்பேன்’ என்பது வெ-’த்ரொ, ‘வருவேன்’ என்பது வெர்-’ரொ. இவை தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஆனவை. பள்ளியிலும் இவற்றைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

ஒலியில் ஸகரம் முன் அசையை மூடுகிறது. இதற்குச் சான்று காதில் மட்டுமன்று, மொழியின் வரலாற்றிலும் இருக்கிறது. கடைத்தெருவில் ‘விலை என்ன’ என்று கேட்கும்போது வரும் வினையை எடுத்துக்கொள்வோம்: ’கொஸ்-த. இதன் மூலமான பேச்சு லத்தீன் வடிவத்தில் குறில் ஒகரத்துக்கு ஒத்த ஒகரம் இருந்தது. ஸ்பானிய மொழி திறந்த அசை, மூடிய அசை என்று பாராமல் இரண்டிலும் ஈருயிரை விரிப்பதால் அங்கே ‘க்வெஸ்தா’ என்று ஆயிற்று. எழுத்துவிதி சொல்வதுபோல் இத்தாலியத்திலும் ‘கொ’ என்பது திறந்த அசையாக இருந்திருந்தால் ‘க்வோஸ்த’ என்றுதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திருவிழாவைக் குறிக்கும் ’ஃபெஸ்-த என்ற பெயர்ச்சொல்லும் அப்படியே. ஸ்பானியர் ‘ஃபியெஸ்தா’ என்பதை இத்தாலியர் ஈருயிர் இல்லாமல் சொல்கிறார்கள். ஆக, பல நூறு ஆண்டுகளுக்கு முன் மத்திய இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் பேசியவர்களும் உங்கள் மகளைப் போலவே ஸகரத்தை முன் அசையோடு வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

‘வழக்கமாகச் செய்கிறேன்’ என்று பொருள்படும் வினையிலும் இதே கதை. ’ஸ்வோ-லெ என்று படர்க்கையில் ஈருயிர் வருகிறது. தன்மையில் ’ஸொல்-ல்யொ, அங்கே வரவில்லை. எழுத்தில் அந்த அண்ணலகரம் (நா அண்ணத்தில் படிய ‘ல்ய’ போல ஒலிக்கும் லகரம்) ஒற்றையாகத் தெரிந்தாலும், உயிர்களுக்கு இடையில் அது எப்போதும் நீண்டே ஒலிக்கும். அதனால் அசையை மூடிவிடுகிறது.

நெல்லைச்சீமை:
மன்னிக்க வேண்டும், விதி அழகாக இருப்பதனாலேயே எனக்கு ஐயம் வருகிறது. நீந்துதல் வினையைப் பாருங்கள்: ’ந்வோ-தொ ‘நீந்துகிறேன்’, ந்வொ-’த்யா-மொ ‘நீந்துகிறோம்’. அழுத்தம் நகர்ந்த பிறகும் ஈருயிர் அங்கேயே இருக்கிறதே? கேட்டல் (வினவுதல்) வினையிலும் ’க்யே-தொ, க்யெ-’த்யா-மொ என்று மாறாமல் நிற்கிறது. மறுபக்கம், ‘வேண்டுகிறேன்’ என்பது ’ப்ரே-கொ. அழுத்தமும் திறப்பும் இருந்தும் ஈருயிர் இல்லை. இத்தனை விலக்குகளை வைத்துக்கொண்டு இதை விதி என்று எப்படிச் சொல்வது?

மெய்ம்மயக்கம்:
விலக்குகளைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அவை ஒரே வகையானவை அல்ல.

‘வேண்டுகிறேன்’ என்பது பழைய ஃபுளோரன்ஸ் எழுத்தில் ’ப்ர்யே-கொ என்றுதான் இருந்தது. ‘காண்கிறேன், கண்டெடுக்கிறேன்’ என்னும் பொருளுடைய ’த்ரோ-வொ என்பதும் முன்னர் ’த்ர்வோ-வொ. விதி அங்கேயும் வேலை செய்தது. பின்னர், மெய்யும் ரகரமும் சேர்ந்த தொகுதிக்குப் பிறகு அந்த அரையுயிர் (ஈருயிரின் முதலில் வரும் ய், வ்) தேய்ந்து விழுந்துவிட்டது. மூன்று ஒலிகள் நெருக்கியடித்து நிற்பதை நா தாங்கவில்லை.

நீந்துதலின் காரணம் வேறு. ‘குறித்துக்கொள்கிறோம்’ என்பது நொ-’த்யா-மொ. நீந்துதலில் ஈருயிரை விட்டால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். காலி செய்வதற்கும் வாக்களிப்பதற்கும் உரிய வினைகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. பொருள் மயங்காமல் இருக்க மொழி அங்கே ஈருயிரைப் பிடித்து வைத்துக்கொண்டது.

கேட்டலில் நடந்தது சமன்பாடு: ஒருமையில் கேட்கும் வடிவத்தைப் பன்மைக்கும் பேசுவோர் நீட்டிவிட்டார்கள். இசைக்கருவி வாசிப்பதற்குரிய வினையில் அந்த மாற்றம் இன்னும் முழுதாக முடியவில்லை. பொதுவழக்கு ஸ்வொ-’ன்யா-மொ என்கிறது, ஈருயிர் இல்லாத பழைய வடிவம் தஸ்கனியில் இன்றும் காதில் விழுகிறது. மிக அதிகமாகப் புழங்கும் வருதல், வைத்திருத்தல், இறத்தல், உட்கார்தல் ஆகியவை சமன்பாட்டுக்கு இடம் கொடாமல் பழைய மாற்றத்தை அப்படியே காத்து நிற்கின்றன. நாள்தோறும் வாயில் புரளும் சொற்கள்தாம் பழைய வடிவத்தை மறப்பதில்லை.

தாழை:
இரண்டு நாள்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னோர் ஐயம். எந்த அசைக்கு அழுத்தம் என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது? ‘வசிக்கிறோம்’ என்பது அ-பி-’த்யா-மொ என்று ஈற்றயல் அசையில் அழுத்தம் பெறுகிறது. அதைப் பார்த்து ‘வசிக்கிறார்கள்’ என்பதையும் அ-பி-’தா-னொ என்று சொன்னேன். ஆசிரியை தவறு என்றார்.

பலெர்மோவாசி:
தங்கச்சி, நாங்கள் எல்லோரும் கடந்து வந்த இடம் இது. அது ’ஆ-பி-த-னொ, கடைசியிலிருந்து நான்காம் அசை. படர்க்கைப் பன்மையைச் சொல்லுமுன் தன்மை ஒருமையை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ’ஆ-பி-தொ என்று வந்தால் பன்மையிலும் அதே அசைதான் அழுத்தம் பெறும், ‘னொ’ என்பது வாலாக ஒட்டிக்கொள்ளும். ல-’வோ-ரொ ‘வேலை செய்கிறேன்’, ல-’வோ-ர-னொ ‘வேலை செய்கிறார்கள்’. தெ-’லே-ஃபொ-னொ, தெ-’லே-ஃபொ-ன-னொ. தன்மை ஒருமையில் எங்கே விழும் என்பதை மட்டும் ஒவ்வொரு வினைக்கும் அகராதியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். ’கா-பி-த-னொ என்றால் ‘நேர்கின்றன’. க-பி-’தா-னொ என்றால் தலைவன், கப்பல் தலைவன். க-பி-த-’னொ என்றால் ‘தலைமை தாங்கினார்’. முதல் இரண்டும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மூன்றாவதற்கு மட்டும் கோடு உண்டு.

ஏவலோடு ‘எனக்கு’, ‘அதை’ போன்ற ஒட்டுகள் சேரும்போதும் அழுத்தம் அசையாது. ’ஒர்-தி-ன ‘ஆணையிடு’ என்பது ’ஒர்-தி-ன-மெ-லொ ‘எனக்கு அதை வரவழை’ என்று நீண்டாலும் முதல் அசையே அழுத்தம் பெறும். கடைசியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது. இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும்: எங்கள் சிசிலியில் உயிர்களுக்கிடையில் வரும் ஒற்றைப் பகரத்தை, நெகிழ்ந்த ஒலியானால், இரட்டித்தே பேசுவார்கள். என் மகளும் ’அப்-பி-த-னொ என்றுதான் சொல்கிறாள். வடக்கே வெனிஸ் பக்கத்தில் இதற்கு மாறாக இரட்டையையே ஒற்றையாக்குவார்கள். மேடையில் பாடுவதற்கு இரண்டும் வேண்டாம். இத்தாலிய அரசு வானொலி 1969-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி காட்டும் வழியையே பின்பற்றுங்கள்.

மெய்ம்மயக்கம்:
ஒட்டுகளைப் பற்றி வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ‘கொடு’ என்பது ‘த’, ‘எனக்கு’ என்பது ‘மி’, சேர்ந்தால் ’தம்-மி. ‘சொல்’ என்பது ‘தி’. ‘எனக்குச் சொல்’ என்பது ’திம்-மி. இல்லாத மகரம் எங்கிருந்து வந்தது? கடைசி அசையின் உயிர் நீளாது என்று முன்பே பார்த்தோம். நீள முடியாத அந்த அழுத்த அசை, அடுத்து வரும் மெய்யை இரட்டித்துத் தன்னை மூடிக்கொண்டு கனம் தேடுகிறது. சொற்களுக்கிடையிலும் இது நடக்கும்: ‘நன்றாகப் பேசினார்’ என்பதைத் தஸ்கனியிலும் அதற்குத் தெற்கேயும் பர்-’லொப்-’பே-னெ என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் அந்த இரட்டிப்பைக் காட்டுவதில்லை. ‘தம்மி’ போல ஒரே சொல்லாக இறுகிவிட்ட இடங்களில் மட்டுமே எழுதுவார்கள்.

‘அந்தப் பையன்’ என்று ஒற்று மிகுத்து எழுதும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று. ஆனால் நம்மிடம் இப்படி மிகுவது பெரும்பாலும் வல்லினமே. அங்கே வகரம், மகரம், லகரம் என எதுவும் மிகும், காரணமும் வேறு. ஒப்புமையை அந்த எல்லையில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தாழை:
நேற்று இரவு ஒரு சோதனை செய்து பார்த்தேன். இதுவரை படித்திராத ஒரு வினையை எடுத்துக்கொண்டேன்: தொ-’லே-ரெ, ‘வலித்தல், வருந்துதல்’. தன்மை ஒருமை ’தொல்-கொ என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அகராதியைக் கவிழ்த்து வைத்தேன். ‘தொல்’ மூடிய அசை, ஆகவே ஈருயிர் இல்லை. முன்னிலையும் படர்க்கையும் திறந்த அசை, அழுத்தமும் உண்டு, ஆகவே ’த்வோ-லி, ’த்வோ-லெ. பன்மையில் அழுத்தம் நகர்கிறது, ஆகவே தொ-’லே-தெ. படர்க்கைப் பன்மை மறுபடி மூடிக்கொள்கிறது: ’தொல்-கொ-னொ. எழுதி முடித்துவிட்டு அகராதியைத் திருப்பினேன். எல்லாம் சரியாக இருந்தன. ‘நாம்’ வடிவத்தில் மட்டும் தொ-’ல்யா-மொ என்று சாதாரண லகரத்தோடு எழுதியிருந்தேன். அங்கே அண்ணலகரம் நீண்டு தொல்-’ல்யா-மொ என்று வர வேண்டும்.

பலெர்மோவாசி:
மகளின் கொப்பியில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன. ஆசிரியைக்காக எழுதுவது மேல்வரி, கைதட்டி எழுதுவது கீழ்வரி. நேற்று ’கொஸ்-த என்ற சொல்லைக் கீழ்வரியில் எழுதிவிட்டு, ‘அப்பா, இதை ஸ்பெயினில் எப்படிச் சொல்லுவார்கள்?’ என்று கேட்டாள். சொன்னேன். அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.